உப்பு என் பொறுப்பு

எங்கள் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குளியலறை அலமாரியில் இருக்கும் ஏதாவது ஒரு திரவமாக மாறிவிடுவார்கள். உருவம் அப்படியேதான் இருக்கும். சட்டை அளவு, செருப்பு அளவு எதுவும் மாறாது. குணம் மட்டும் மாறும். செயலாளர் வேதமுத்து சோப் ஆயில் ஆனார். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் பினாயில் ஆனார். அவர் நின்று பேசிவிட்டுப் போன இடத்தில் எறும்பு வராது. நான் பிளீச்சிங் தண்ணீர் ஆனேன்.

அது எனக்குக் கடையில்தான் தெரிந்தது. ஜவுளிக்கடையில் காட்டன் புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். மயில் நீலத்தில் ஒரு புடவையை விரித்துக் காட்டியபோது என் விரல்கள் ஐந்தும் அதில் வெள்ளையாகப் பதிந்தன. வாடிக்கையாளர் அம்மா அது டிசைனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையே எடுத்துக்கொண்டார். மறுநாள் மேலாளர் என்னை வேட்டிப் பிரிவுக்கு மாற்றினார். பட்டுப் பிரிவு இருக்கும் மாடிக்கு மட்டும் ஏறவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். பட்டு என் கையில் நிறம் போவதோடு நிற்காது, கரைந்துவிடும்.

எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் டாக்டர் கமலக்கண்ணன் மஞ்சள் தடவிய காகிதத்தை என் மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தார். முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "பிளீச்சிங் சார். நல்ல வீரியமா இருக்கீங்க," என்றார். கண்ணைக் கசக்கக் கூடாது, வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

என் மனைவி சுகந்திக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் சட்டைகள் எல்லாம் வெள்ளையாகிவிட்டதால் துவைக்கும்போது பிரித்துப் போடும் வேலை மிச்சம் என்றாள். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யக் குடியிருப்பில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி, முழங்கை வரை கையை விட்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றுவேன். இறங்கி வரும்போது கீழே யாராவது காபி வைத்திருப்பார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சமையல் அவளுடையது, உப்பு என்னுடையது. சுகந்திக்கு உப்பு போடக் கை வராது. எப்போது போட்டாலும் குறைவாகத்தான் போடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ரசக் கரண்டியை என் பக்கம் நீட்டி, "பாருங்களேன்," என்றாள். பார்த்தேன். போட்டேன். அன்று முதல் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துவாள். நானும் பேசாமல் போடுவேன். எங்களுக்குள் அதிகம் கொஞ்சலெல்லாம் கிடையாது. இதுதான் இருந்தது.

பிறகு சுகந்திக்கு ஐம்பது முடிந்தது. ஒரு நாள் காலை குளியலறைத் தரையில் படிந்திருந்த உப்புக்கறை அவள் கால் பட்ட இடத்தில் பொங்கி அடங்கியது. தரை பளிச்சென்று ஆனது. நான் அப்போது கடைக்குக் கிளம்பிப் போயிருந்தேன். அவளே டாக்டரிடம் போனாள். அவர் செம்பருத்தித் தண்ணீரில் அவள் விரலை முக்கினார். ரத்தச் சிவப்பானது. கக்கூஸ் கழுவும் ஆசிட் என்றார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது அவள் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினாள். எனக்கும் சந்தோஷம். இத்தனை வருடம் முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தவள், இனி நடந்தால் போதும். பிளீச்சிங்கும் ஆசிட்டும் ஒரே வீட்டில் இருந்தால் வீடு இன்னும் பளபளக்கும் என்று நான்தான் சொன்னேன். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றுகிறார்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு, சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி போட்டோம்.

எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து புகை வந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அது மேலே போகவில்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் சோபாவிலிருந்து தரைக்கு இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. அந்தப் புகைக்கு ஈரம் வேண்டும். ஈரம் பட்டால் மறுபடியும் இரண்டாகப் பிரியும். பாதி ஆசிட், பாதி பிளீச்சிங். கண்ணில் ஈரம் இருக்கிறது, தொண்டையில் இருக்கிறது, நெஞ்சுக்குள் நிறைய இருக்கிறது. தரைத்தளத்து வீட்டில் தவழும் குழந்தை ஒன்று இருந்தது. தரையோடு இருப்பவர்களைத்தான் அது முதலில் பிடிக்கும்.

குழந்தை இருமத் தொடங்கியதும் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார்கள். இப்படிப் புகை வந்தால் மேலே ஏற வேண்டும் என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். டாக்டர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் காது வைத்துக் கேட்டார். இப்போது ஒன்றும் தெரியாது, நாளைக்குக்கூட நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளலாம், குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் அம்மா அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நடப்பாள். எனக்கு அது வலித்தது. அவளைக் குறை சொல்ல முடியாது.

அன்று சுகந்தியின் தாலி மெலிந்திருந்தது. தங்கத்தை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அவளாலும் முடியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் முடியும்.

மறுநாள் வேதமுத்து ஒரு சாவியோடு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தணிகாசலம் சார். சட்டம்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டுல வேணாம்னு பாக்குறோம். மேடத்துக்கு எதிர் பிளாக்ல மூணாவது மாடி காலியா இருக்கு. நல்ல காத்து," என்றார். அவர் பேசினால் யாருக்கும் கோபம் வராது. கோபம் வந்தாலும் அவர்மேல் நிற்காது, வழுக்கிக் கீழே விழுந்துவிடும்.

சுகந்தி மண்சட்டிகளையும் பீங்கான் தட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். எவர்சில்வர் இனி அவளுக்கு ஆகாது. உப்பு ஜாடியும் பீங்கான்தான். அதைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, "இது எதுக்கு, எனக்குத்தான் போடத் தெரியாதே," என்றாள். பிறகு அதையும் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பிளாக்குக்கும் மொட்டைமாடி ஒன்றுதான். காற்று அடிக்கும் நாட்களில் சாயங்காலம் அங்கே சந்திப்போம். காற்று வரும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அவளுடையது அவள் வழியில் போகும், என்னுடையது என் வழியில் போகும். சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். காற்று இல்லாத நாட்களில் இருவருமே மேலே போக மாட்டோம். அந்த நாட்களில் நான் என் வீட்டு ஜன்னலில் நின்று எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடியைப் பார்ப்பேன். வெளிச்சம் தெரியும். குக்கர் இல்லாததால் விசில் சத்தம்கூட வராது.

"சாப்பாடெல்லாம் எப்படி?" என்று ஒரு நாள் கத்திக் கேட்டேன்.

"புளி வாங்குறதையே விட்டுட்டேன். நான் தொட்டாலே புளிச்சுடுது," என்றாள். பிறகு, "தனியா சாப்பிட்டா தட்டு சத்தம் கேக்குதுங்க," என்றாள்.

"உப்பு?"

"அதை ஏன் கேக்குறீங்க."

அன்று என் வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்தேன். என் தட்டுச் சத்தமும் கேட்டது. அதுவரை கேட்டதில்லை. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. ஒரே ஒரு வேளை, கதவு சாத்திய அறையில், அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஆசிட்டுக்கு வயதே ஆகாது, மூடி போட்டு வைத்தால் அப்படியேதான் இருக்கும் என்றார். சோடா மாவு போட்டு அவளை அடக்கலாமே என்றேன். போடலாம், ஆனால் பொங்கியே தீர்ந்துபோவார், மிச்சம் இருப்பது சுகந்தி அம்மாவாக இருக்காது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் சார் சீக்கிரம் கெட்டுப்போற சரக்கு. நிழல்லயே இருந்தா ரொம்ப நாள் வருவீங்க. வெயில்ல வச்சா வீரியம் போயி வெறும் உப்புத்தண்ணி ஆயிடுவீங்க," என்றார்.

"உப்புத்தண்ணி ஆனா அவ பக்கத்துல உக்காரலாமா?"

"தாராளமா. ஆனா ஒண்ணு. சாப்பாட்டு உப்பு மட்டும் இருக்காது. வேற ஒரு உப்பும் கொஞ்சம் தங்கும். அது நிறைய உள்ள போனா ரத்தத்துக்கு ஆகாது. யாரும் குடிச்சிடாம பாத்துக்குங்க." கொஞ்சம் யோசித்து, "ராஜகோபால் சாரை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றார்.

ராஜகோபால் கடைசி பிளாக்கில் இருந்தார். எனக்கு முன்பே பிளீச்சிங் ஆனவர். கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பழக்கம். வெயில் பட்டுப் பட்டு வீரியம் போய்விட்டது. வாசனை போனதும் வீட்டில் இருப்பவர்கள் அவரைக் கவனிக்க மறந்தார்கள். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனபோது, அந்த வீடு காலியாக இருக்கிறது என்று நினைத்து அவருடைய பிள்ளைகள் வாடகைக்கு விட்டுவிட்டார்கள். நான் போனபோது குடித்தனக்காரர்கள் அவர் தோளில் ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நல்ல குடும்பம், தொந்தரவு இல்லை என்றார் அவர். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். துண்டு காய்வதற்குள் எடுத்துவிடுகிறார்கள், அதுதான் கொஞ்சம் குறை என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ராஜகோபாலுக்கு எதிர் பிளாக்கில் யாரும் இல்லை. எனக்கு இருந்தாள். அந்த வித்தியாசம் போதும் என்று முடிவு செய்தேன்.

கடையில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். சித்திரை வெயில். சும்மாதானே இருக்கிறீர்கள் என்று வடகம் காயப்போட்ட பெண்கள் காக்கை விரட்டும் பொறுப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு கையில் குச்சியோடு கெட்டுப்போய்க்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மேலே வந்த சுகந்தி என் தோள் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

சொன்னேன்.

"வேணாங்க," என்றாள். "நீங்க ஒருத்தர் தொட்டியில கை விட்டாத்தான் இந்த மொத்த ஜனமும் நல்ல தண்ணி குடிக்குது. இப்படி தூரத்துல இருந்தாவது பாத்துக்கிட்டு இருப்போமே."

"தூரமா பாத்தது போதும்."

காற்று நின்றுவிட்டதால் இருவரும் இறங்க வேண்டியதாயிற்று.

முதலில் சட்டைகள் நிறம் மாறாமல் தங்க ஆரம்பித்தன. கல்யாண நாளுக்கு வாங்கி, போட்டால் வெளுத்துவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருந்த கத்திரிப்பூ நிறச் சட்டை, போட்டது போட்டபடியே இருந்தது. தொட்டியில் நான் கை விட்டுச் சுற்றிய பிறகும் பாசி பிடித்தது. அடுத்த முறை தொட்டிக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டார்கள். காபி அவருக்குப் போனது. நான் விடுப்பு முடிந்து கடைக்குப் போனேன். இப்போது என்னால் எந்தப் புடவையையும் தொட முடியும். பட்டுப் பிரிவில் போய் நின்றேன். வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டிப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். மேலாளர் என் பக்கத்தில் நின்று, தணிகாசலம் இன்னும் வரவில்லையா என்று யாரிடமோ கேட்டார். வந்துவிட்டேன் என்றேன். வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகவில்லை.

அவசரத்தில் ஒரு தப்பும் செய்தேன். வீரியம் முழுக்கப் போகும் முன்பே, இனி ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் ஒரு மத்தியானம் அவள் கதவைத் தட்டினேன். உள்ளே கால் வைத்ததும் நடுவில் மெல்லிசாகப் புகை கிளம்பியது. சுகந்தி ஈரத்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு இருமினாள். இருமலுக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இருக்கீங்க," என்றாள். "இன்னும் இருக்கீங்க. போங்க, போங்க."

ஜன்னலைத் திறந்துவிட்டுப் படியிறங்கினேன். என்னால் ஒருத்தி இருமுகிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் சரியில்லைதான். ஆனாலும் வந்தது.

மறுபடியும் வெயிலில் உட்கார்ந்தேன். கழுத்து மடிப்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. வடகப் பெண்கள் காக்கைகளைத் தாங்களே விரட்ட ஆரம்பித்தார்கள். குச்சியை என் கையிலிருந்துதான் எடுத்தார்கள், ஆனால் சுவரிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார்கள். தரைத்தளத்துக் குழந்தை இப்போது நடக்கப் பழகியிருந்தது. அதன் அம்மா அதைப் படியில் என் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, செருப்பு மாட்டினாள். குழந்தை மட்டும் என் முட்டியைப் பிடித்து எழுந்து நின்றது. அதன் உள்ளங்கையை அது நக்கிப் பார்ப்பதற்குள் என் வேட்டியால் துடைத்துவிட்டேன்.

மஞ்சள் காகிதத்தை நானே மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தேன். மஞ்சளாகவே இருந்தது. கத்திரிப்பூச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடிக்கு ஏறினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போய்ச் சாத்தினேன். ஜன்னல்களும் சாத்தியிருந்தன. புகை வரவில்லை. சுகந்தி மண்சட்டியை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை பக்கத்தில் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. காதோரம் நரை கூடியிருந்தது.

"சுகந்தி," என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள். இருமல் வருகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வரவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

"இன்னைக்கும் வரல," என்று சட்டியிடம் சொன்னாள்.

இருந்தாலும் இரண்டு தட்டு வைத்தாள். அது தினமும் நடப்பதுபோலத்தான் இருந்தது. தன் தட்டுக்கு எதிரில் இருந்த தட்டிலும் சோறு போட்டாள். நான் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கையை நீட்டி அவள் கையைத் தொட்டேன். அவள் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஈரம் ஏதோ பட்டதைப்போல. எனக்கு அழுகை வந்தது. நான் இருந்த இருப்பில் அழுதால் நானே வழிந்து தீர்ந்துபோவேன், அதனால் அடக்கிக்கொண்டேன்.

ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நிறுத்தினாள். பிறகு, எதையும் பார்க்காமல், ரசச் சட்டியை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள்.

டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஒரு விரலின் நுனியை மட்டும் சட்டியில் விட்டு, ஒரு சுற்று சுற்றி எடுத்தேன்.

அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, சாப்பிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"வந்துட்டீங்களா."

வந்துவிட்டேன் என்றேன். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சோற்றை நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் ரசம் ஊற்றிக்கொண்டாள். தட்டுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துவைத்தாள். அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி, உள்ளே கட்டிப்போயிருந்ததைத் தட்டிக் கொட்டி, கழுவி, துணியால் துடைத்து, மூடியைத் திறந்து என் தட்டு இருந்த இடத்தில் வைத்தாள். நான் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு ஜாடிக்குள் இறங்கிக்கொண்டேன். முட்டியை மடக்கினால் தாராளமாக இருந்தது. அவள் மூடியைப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வைத்தாள். இனி அவளுக்கு மூன்று வேளையும் நான் வேண்டியிருக்கும். நல்லவேளை, அவள் எப்போதும் உப்பைக் குறைவாகத்தான் போடுவாள்.